எழுநூற்று நாற்பது கிராம்

ஜெரோம் பச்சைத் துணி விரித்து
மூன்றை வைத்தான்,
தலைதீபாவளி மாப்பிள்ளைக்கு
மோதிரம் காட்டுகிறவன் போல.

முதலாவது முப்பத்திரண்டு ரிவால்வர்.
"லேடீஸ் எல்லாரும் இதைத்தான் கேட்பாங்க, மேடம்."
எத்தனை லேடீஸ் என்றேன்.
கொஞ்சம் யோசித்து
நீங்கதான் முதல் என்றான்.

இரண்டாவது நீளம். உட்கார்ந்தால் விலாவில் முட்டும்.
மூன்றாவது
என் உள்ளங்கையைவிட ஒரு விரற்கடை பெரிசு.
வாய் மட்டும் அகலம். நாற்பத்தைந்து.
குள்ளமான ஆளுக்குக்
கட்டைக்குரல் வாய்த்தது மாதிரி.

வாங்கிப் பார்த்தேன்.
செவ்வாய்ப்பேட்டையில் இருபத்தாறு வருஷம்
கொலுசு நிறுத்த கை.
எழுநூத்தி நாற்பது என்றேன்.
சிரித்துக்கொண்டே தராசில் வைத்தான்.
எழுநூற்று முப்பத்தெட்டு.
மீதி இரண்டு கிராம் என் வியர்வை.

"ஆறு குண்டு போட்டா இன்னும் நூத்தியிருபது ஏறும் மேடம்.
சின்ன உடம்புல பெரிய குண்டு,
உதைக்கும், கை தாங்கணும்."
செய்கூலி கேட்டேன், பழக்கதோஷம்.
சேதாரம் கேட்கவில்லை.

கொண்டலாம்பட்டி பைபாஸில் அந்த ஆடி வெள்ளிக்குப் பிறகு
வண்டி ஓட்டிய சின்னதுரைக்கு
இடது காது கேட்பதில்லை.
போனது பதினோரு கிலோ.
கலெக்டர் ஆபீஸ் மாடிப்படியில்
இரண்டு வருஷம் ஏறி இறங்கினேன்.
"வீட்டுக்காரர் பேர்ல போடலாமே" என்றார்கள்
ஒவ்வொரு மேஜையிலும்.
அவர் பேரில் கடையே இல்லை, சார்.

மூன்றாவதையே எடுத்தேன்.
ஒருமுறைதான் சுட வாய்க்கும் என்றால்
அது பேசி முடிக்கட்டும் என்று.

எங்கே வைப்பது?
உறைகள் எல்லாம் பெல்ட் கட்டிய இடுப்புக்குத் தைத்தவை.
கைப்பையில் வைக்கலாம் என்றான் ஜெரோம்.
தம்பி, கைப்பையைத்தானே பறித்தார்கள்.

டெய்லர் கமாலுதீனிடம்
உள்பாவாடையில் ஒரு பை கேட்டேன்.
செல்போனுக்கா என்றார்.
அளவுக்கு, செய்தித்தாளில் வெட்டிய உருவத்தை நீட்டினேன்.
இப்படித் திருப்பி அப்படித் திருப்பி
ஒன்றும் கேட்காமல்
இரட்டைத் தையல் போட்டார்.
ஒரு ரூபாய் விடாத மனிதர்
அன்றைக்கு மிச்சம் தர மறந்தார்.

கிளப்பில் முதல் வெடிக்கு
தாள் பலகை அப்படியே நின்றது.
என் வளையல் இரண்டு உடைந்தது.
வீட்டுக்காரர் பார்த்திருந்தால்
சகுனம் என்று
அன்றிரவு சாப்பிட்டிருக்க மாட்டார்.

அப்புறம் அது என்னோடு இருந்தது.
கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரும்போது
ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தேன்.
முதுகு வலியா என்று கேட்டவர்களுக்கு
ஆமாம் என்றேன்.
கோட்டை மாரியம்மன் வாசலில்
செருப்பை மட்டும் விட்டுவிட்டு
வெளியே நின்று கும்பிட்டேன்.

ஐந்து ரோடு சிக்னல். மாலை ஏழு.
கண்ணாடியில் யாரோ தட்டினார்கள்.
நான் திரும்புவதற்குள்
கை கொசுவத்துக்குள் போய்விட்டது.
கார் துடைக்கும் மஞ்சள் துணி விற்கிற பையன்.
பத்து வயசு இருக்கலாம்.
என் கையை அவன் பார்க்கவில்லை.
முகத்தைப் பார்த்தான்.
இரண்டடி பின்னால் போனான்,
பின்னால் ஆட்டோ வருவதைக்கூடப் பார்க்காமல்.

பச்சை விழுந்தது.
"என்னக்கா?" என்றான் சின்னதுரை,
கேட்கிற காதைத் திருப்பி.
ஒன்றுமில்லை, போ.

பங்குனியில் தேர்தல் அறிவித்தார்கள்.
லைசென்ஸ்காரர்கள் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டுமாம்.
ஏட்டு பேரேட்டில் எழுதினார்.
நாற்பத்தைந்து, ஒன்று. குண்டு, ஆறு.
"ஒண்ணும் செலவாகலையா?"
ஒன்றும் இல்லை, ஐயா.
அவருடைய கையெழுத்து அழகாக இருந்தது.

பையில் இப்போது கடைச்சாவி.
எண்பத்தைந்து கிராம்.
நடக்கும்போது
இடதுகால் கொஞ்சம் முந்துகிறது.

நேற்று அதே சிக்னலில் தேடினேன்.
வேறொரு பையன். அதே மஞ்சள் துணி.
நானே கண்ணாடியை இறக்கி
மூன்று கொடு என்றேன்.
காசு எடுக்கக்
கை முதலில் இடுப்புக்குத்தான் போனது.
காசு
கைப்பையில் இருந்தது.